எண்ணெய்த் தோணியில் என் முதலாளி

கிறிஸ்துமஸ் விருந்தில் வாயை மூடிக்கொண்டு கேக்கைத் தின்றிருந்தால் இந்தப் பயணமே நேர்ந்திருக்காது. அமெரிக்காவில் ஏரிக்கரை நகரம் ஒன்றில், தொழில்முறைக் கால்பந்து டீம் ஒன்றின் ஆபீசில் நான் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. அந்த டீமில் பந்தையே தொடாமல் சம்பளம் வாங்கிய மிகக் குள்ளமான ஆள் நான்தான்.

அவர்களுடைய கால்பந்து நம்முடையது அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் காலால் தொடுவது அபூர்வம். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிராளிகள் மேலே விழுவார்கள், விசில் ஊதி எல்லாரையும் பிரித்தெடுப்பார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறொன்று. அங்கே ஒரு தனி மனிதர், நம்மூரில் லாரி வாங்கி விடுவதுபோல, ஒரு டீமையே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு ஒரு கோச்சை நியமிப்பார். என் முதலாளி மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வகை.

கார் உதிரிபாகம் செய்து பணக்காரர் ஆனவர் அவர். ஆண்டுதோறும் ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கியதும் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கோச் ஒன்று சொன்னால் இவர் விசில் ஊதி இன்னொன்று சொல்வார். ஆட்டக்காரர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். தோற்றால் மட்டும் பழி முழுவதும் கோச்சுக்கு.

அந்த விருந்தில் முதலாளி முதுகுவலி என்று முனகினார். நான் உடனே, எங்கள் திருவனந்தபுரத்தில் ஒரு எண்ணெய்ச் சிகிச்சை இருக்கிறது, செத்த முதுகும் எழுந்து நடக்கும் என்றேன். உண்மையில் என் உடம்பில் பட்ட ஒரே ஆயுர்வேதம், சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய். ஆனாலும் அதைச் செய்கிற வைத்தியர் என் சொந்தச் சித்தப்பா என்கிற தோரணையில் பேசினேன். ஜூன் முடியும் தறுவாயில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "டிக்கெட் வாங்கிவிட்டேன். நீயும் வருகிறாய்."

கிளம்புவதற்கு முந்தின நாள் கோச் என்னைக் கார் நிறுத்தும் இடத்தில் மடக்கினார். நல்ல மனிதர், எனக்குப் பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "அவரை அங்கேயே வைத்திரு. எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள். அவர் இல்லாமல் ஒரே ஒரு முகாம் நடத்திப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் சரியாகப் போகாவிட்டால் என்னை அனுப்பிவிடுவார். அனுப்பட்டும். தோற்றது நான்தான் என்றாவது தெரிந்துகொண்டு போகிறேன்" என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆகட்டும் என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். முதலாளியை ஓரிடத்தில் பிடித்து வைப்பது எப்படி என்று எனக்குத் துளியும் தெரியாது.

திருவனந்தபுரத்தில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்தோம், முதலாளியின் பெட்டி வரவில்லை. அவருடைய அளவுக்குச் சட்டை தேடி சாலை பஜார் முழுவதும் அலைந்தோம். கடைக்காரர் ஒருவர் அளவு நாடாவை அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாடா போதவில்லை என்று சிரித்தார். கடைசியில் மலையாளத்து வேட்டியான இரட்டை முண்டு வாங்கி, அதன் மேல் தன் தோல் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார் முதலாளி. நான் பிறந்த ஊரில் எனக்குக் கிடைக்காத வரவேற்பு அந்த பெல்ட்டுக்குக் கிடைத்தது. தெருவே நின்று பார்த்தது.

டாக்சியில் ஏறியதும் என் மலையாளத்தைக் காட்டத் தொடங்கினேன். வைத்தியசாலை இருந்த பேரூர்க்கடைக்குப் போகும் வழியை, ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆனதைப் பொருட்படுத்தாமல், விஸ்தாரமாக விளக்கினேன். தம்பானூரில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து மலையாளத்தில் பணிவாகச் சொன்னதன் தமிழாக்கம் இது: "சார், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாஷையிலேயே சொல்லுங்கள். எப்படியாவது நான் புரிந்துகொள்கிறேன்." முதலாளி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். மழையைப் பற்றிப் பேசுகிறார் என்றேன்.

வைத்தியசாலை ஓட்டு வீடு. பின்னால் பலா மரங்கள். வைத்தியர் ஐம்பது வயதுக்காரர், கறாரானவர், குரலை உயர்த்தாதவர். நாடி பார்த்துக்கொண்டே, கோபம் வருமா என்று கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், "எனக்கா? ஒருபோதும் வராது!" என்று முதலாளி மேஜையில் குத்தினார். இல்லை என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். வைத்தியர் மேஜையைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு விதிகளைச் சொன்னார். தினமும் பிழிச்சில், அதாவது சுடவைத்த எண்ணெயைத் துணியில் முக்கி உடம்பு முழுவதும் பிழிந்து விடுவது. சாப்பாட்டுக்கு நொய்யில் வைத்த பொடியரிக் கஞ்சி, சிறுபயறு. பகலில் தூங்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. கோபம் கூடாது. வண்டி ஏறக் கூடாது. விசிலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"பதினான்கு நாள் சிகிச்சை. அதன் பிறகு நல்லிரிக்க" என்றார்.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவரே விளக்கினார். எத்தனை நாள் எண்ணெய் பிழிகிறார்களோ, அத்தனை நாள் பிறகும் அதே பத்தியத்தில் சும்மா இருக்க வேண்டும். இருக்காவிட்டால் எண்ணெய் விட்ட பலன் போய்விடும், வலி பழையபடி வரும். என் காதில் தேன் பாய்ந்தது. கோச்சுக்கு வேண்டிய முகாம் நாட்களை இந்த மனிதர் சாஸ்திரத்தைக் காட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டார்! முதலாளியிடம் சொல்லும்போது என் முகத்தில் சிரிப்பு தெரியாதிருக்கப் பாடுபட்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. நோயாளியின் துணைக்கு ஒரு ஆள் கூடவே தங்க வேண்டும். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அந்த ஆளுக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். அந்த ஆள் எதிரே உட்கார்ந்து கண்டதைத் தின்றால் நோயாளிக்கு மனம் அலையும் என்பதால், அவருக்கும் அதே பத்தியம். அமெரிக்காவிலிருந்து கிளம்பிய நாளாக எரிசேரியையும் பப்படத்தையும் கனவு கண்டுகொண்டு வந்தவன் நான். என் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சியும் பலா இலைக் கரண்டியும் வைக்கப்பட்டன.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கரமனையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். கரமனை நிறுத்தம் நெருங்கியது. அமெரிக்காவில் இறங்க வேண்டியவர்கள் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுப்பார்கள், டிரைவர் நிறுத்துவார். அந்தப் பழக்கத்தில் நான் இங்கே கயிற்றை இழுத்தேன், உறுதிக்காக இரண்டு தரம். இங்கே ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. பஸ் சீறிக்கொண்டு நிறுத்தத்தைத் தாண்டிப் பறந்தது. இறங்க நின்ற ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சொன்னதை மரியாதையாக மொழிபெயர்த்தால்: "மணியடிக்கிறது என் ஜோலி. உட்காருகிறது சாருடைய ஜோலி. இரண்டையும் சாரே செய்தால் நான் வீட்டுக்குப் போகட்டுமா?" மழையில் பாலத்தைத் தாண்டித் திரும்பி நடந்தேன்.

அக்கா கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்த பார்வையில் பாசத்தைவிடப் பரிதாபம் அதிகம்.

"ஏண்டா, அமெரிக்காலேர்ந்து வந்து கஞ்சி குடிச்சிண்டிருக்கயா? நோக்கு வேற ஜோலியே இல்லையா? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே!"

இலை போட்டாள். நான் தலை நிமிரவில்லை. அத்திம்பேர் செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என் வெள்ளைக்கார சாயிப்பு ஏன் வந்திருக்கிறார், கோச் என்ன கேட்டார் என்பதையெல்லாம் எரிசேரிக்கு நடுவே சொன்னேன்.

"அப்போ சாயிப்பு பணம் போட்டார், மத்தவர் வெளையாட்டு சொல்லிக்கொடுக்கறார்," என்றாள் அக்கா. "பின்னே சண்டை எதுக்கு?"

அத்திம்பேர் தொண்டையைக் கனைத்தார். "கேட்டியோ, இதெல்லாம் நான் செக்ரட்டேரியட்டுல பார்த்து அலுத்து மடுத்ததாக்கும். மந்திரி ஃபைல்ல கையெழுத்துப் போடலாம், வேண்டாம்னு திருப்பியும் அனுப்பலாம். ஃபைலை அவரே எழுத ஒக்காந்தார்னா தீர்ந்தது கதை. எழுதவேண்டியவன் கான்டீனுக்குப் போயிடுவன்."

"கோச் கான்டீனுக்கெல்லாம் போகமாட்டார், அத்திம்பேரே. ரொம்ப உழைப்பாளி."

"எல்லாம் அவனும் போவன். நானே போயிருக்கேனே!" என்றார் அவர்.

திரும்பிப் போனபோது முதலாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு முறை மோந்து பார்த்தார். "நீ எதையோ வறுத்துத் தின்றிருக்கிறாய்" என்றார். அதிகாரியிடம் பிடிபடுவது ஒரு அவமானம். பசித்த அதிகாரியிடம் பிடிபடுவது அதைவிடப் பெரிய அவமானம்.

மறுநாள்தான் விபரீதம் நடந்தது. பிழிச்சிலுக்கென்று ஒரே மரத்தில் குடைந்த நீளமான தொட்டி இருக்கிறது. எண்ணெய்த் தோணி என்பார்கள். கௌபீனத்தோடு முதலாளி அதில் படுத்துக் கிடப்பார். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நான்கு பேரும் ஒரே தாளத்தில் எண்ணெய் பிழிந்து தடவிக்கொண்டு போவார்கள். அவர்களில் மூத்தவர் தாணுப்பிள்ளை, நாகர்கோவில் பக்கத்துக்காரர். முதலாளி ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா கிடந்தார். அன்றைக்கு அவருக்குள் இருந்த மைதானம் விழித்துக்கொண்டது.

"இடது பக்கம் மேலே நிற்கிறவர் அரைத் தாளம் பிந்துகிறார்" என்றார் மேல்கூரையைப் பார்த்தபடி. "அவரைக் காலுக்கு மாற்று. காலில் இருக்கிற பையனைத் தோளுக்குக் கொண்டுவா. சொல்லு அவர்களிடம்."

இடது பக்கம் மேலே நின்றது தாணுப்பிள்ளை. அவருடைய முன்கையைப் பார்த்தேன். என் தொடை அளவு இருந்தது. "ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

"நல்லாருக்குன்னா எதுக்கு வேய் என்னைப் பாத்து வெரலை நீட்டுகாரு?" என்றார் தாணுப்பிள்ளை.

"அது... அவங்க ஊர் வழக்கம்."

"மொகம் சிவந்துல்லா இருக்கு. அதும் வழக்கமா?"

என் மொழிபெயர்ப்பில் நம்பிக்கை இழந்த முதலாளி, தானே செய்து காட்ட எழுந்தார். எண்ணெயில் ஊறிய ஆள் தோணியில் எழுந்து உட்கார்வது நடக்கிற காரியமா? பாதி எழுந்து, தாணுப்பிள்ளையின் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, தாளம் போட்டு ஒரு தடவை பிழிந்து காட்டினார். அடுத்த நொடி பிடி வழுக்கிச் சறுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் மோதினார். முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் பலா மரத்துக் காக்கைகள் கலைந்தன.

வைத்தியர் வந்தார். முதுகை அழுத்திப் பார்த்தார், பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு அடுப்பை அணைக்கச் சொன்னார். நான்கு பேரையும் வெளியே அனுப்பினார். என் பக்கம் திரும்பினார். "இவரிடம் கேளுங்கள். இந்த வீட்டில் வைத்தியம் செய்வது யார்? இவர் என்றால் சந்தோஷம், நான் போய்ப் பத்திரிகை படிக்கிறேன். நான் என்றால் இவர் படுத்துக் கிடக்கட்டும். இரண்டும் முடியாது என்றால் இப்போதே டாக்சி கூப்பிடலாம். வாங்கியதைத் திருப்பித் தருகிறேன்."

டாக்சி என்றால் விமான நிலையம், விமான நிலையம் என்றால் மைதானம், நாற்காலி, விசில். கோச்சின் கதை முடிந்தது. எதையாவது மழுப்பலாமா என்று பார்த்தேன். வைத்தியர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது. அந்தச் சிகிச்சையில் முதல் தடவையாக, சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன்.

வைத்தியர் போய்விட்டார். முதலாளி ஆறிக்கொண்டிருந்த எண்ணெயில் கிடந்தார். நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன்.

"என்னிடம் அப்படிப் பேசலாமா அவர்?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகம். "பணம் கொடுத்தது நான்."

நான் துண்டை உதறி மடித்தேன்.

"கோச் ஒரு நாளும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. நான் சொன்னது தப்பென்றால் அவரும் இப்படிச் சொல்லியிருக்கலாமே?"

ஆபீசில் அவர் அறைக்குள் நுழையும் முன் மூன்று தடவை மூச்சு இழுத்து விடுகிறவன் நான். கோட்டும் டையும் போட்ட முதலாளியிடம் எனக்குப் பேச்சு வராது. ஆனால் கௌபீனத்தில், எண்ணெயில் கிடக்கிற முதலாளியிடம் எவனுக்கும் கொஞ்சம் தைரியம் வரும். "வைத்தியருக்கு நீங்கள் போனால் அடுத்த நோயாளி திண்டிவனத்திலிருந்து நாளைக்கே வருகிறார்" என்றேன். "கோச்சுக்கு நீங்கள்தான் ஒரே முதலாளி. இரண்டு பெண் குழந்தைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர் எப்படிச் சொல்வார்?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி கையை நீட்டினார். "துண்டைக் கொடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் தாணுப்பிள்ளையிடம் தானே போய்க் கைகூப்பி நின்றார். கைகூப்பும்போது, கஞ்சியில் இடுப்பு இளைத்துத் தளர்ந்துபோன பெல்ட்டைப் பிடித்திருந்த கை விலகி முண்டு நழுவப் பார்த்தது. தாணுப்பிள்ளைதான் பிடித்துக் கட்டிவிட்டார். "போகட்டும் சாரே, வலியில மனுசன் என்னத்தையும் சொல்லுவான்லா" என்றார். இதையும் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அன்றிலிருந்து முதலாளி தோணியில் வாய் திறக்கவில்லை. இடது பக்கம் பிந்தும்போதெல்லாம் கால் கட்டை விரல் மட்டும் லேசாகத் துடிக்கும். பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

நல்லிரிக்க தொடங்கியது. அது சிகிச்சையைவிடக் கொடியது. செய்வதற்கு ஒன்றுமில்லை. மழை பெய்தது; நின்றது; மறுபடி பெய்தது. அமெரிக்காவில் ஓய்வு என்றால் மீன் பிடிப்பார்கள், படகு ஓட்டுவார்கள், ஓய்வெடுத்துக் களைத்துப்போய் வேலைக்குத் திரும்புவார்கள். இங்கே ஓய்வு என்றால் ஓய்வுதான். முதலாளி வராந்தாவில் உட்கார்ந்து, சுவரில் பல்லி பூச்சி பிடிப்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஒரு தடவை பல்லி தவறவிட்டபோது ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து மூடிக்கொண்டார்.

கடைசியில் அதுவும் முடிந்தது. வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்த்து, இனி எதையும் சாப்பிடலாம், எங்கும் போகலாம் என்றார். விசிலையும் கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்தார். அன்று மாலை கோவளத்துக்குப் போனோம். முதலாளி பெரிய மீன் ஒன்றைப் பொரிக்கச் சொல்லி முள் மட்டும் மிச்சம் வைத்தார். நான் திரும்பும் வழியில் ஒரு ஓட்டலில் பூரி மசாலா இரண்டு செட். விடுதலை என்று இரண்டு பேரும் சோடா பாட்டிலை முட்டிக்கொண்டோம். விமானத்துக்கு இரண்டு நாள் இருந்தது. தாமதமாக வந்து சேர்ந்திருந்த முதலாளியின் பெட்டியையும் என்னுடையதையும் கட்டி வைத்தோம்.

மறுநாள் காலையில் வைத்தியர் வீட்டு டெலிபோன் அலறியது. அமெரிக்காவிலிருந்து டிரங்க் கால். எங்கள் ஆபீஸ் மானேஜர் கத்துவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. முதல் ஒத்திகை ஆட்டத்தில் படுதோல்வி. ஆட்டத்தை நடத்திப் பந்து வீசுகிறவனை அங்கே குவார்ட்டர்பேக் என்பார்கள்; பத்து வருஷமாக அந்த இடத்தில் இருந்த மூத்தவர், முதலாளியின் செல்லப்பிள்ளை. அவரைக் கோச் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கல்லூரியிலிருந்து வந்த புதியவனை இறக்கியிருக்கிறார். அடுத்த வாரம் யார் டீமில் இருப்பது, யார் போவது என்று பட்டியல் போடப் போகிறார். "உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இங்கே நான் நிறுத்திவிடுகிறேன்" என்று மானேஜர் கத்தினார். லைன் கரகரத்தது.

"பிறகு பேசுகிறேன்" என்று முதலாளி வைத்துவிட்டார்.

அவர் கழுத்திலிருந்து சிவப்பு மேலேறுவதைப் பார்த்தேன். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். விசிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இத்தனை கஞ்சியும் வீண். ஒரு தோல்விக்கு அந்த மனிதரின் பிழைப்பு போகப் போகிறது. இன்னொரு ஆட்டம் பொறுத்தால் என்ன குறைந்துபோகும்?

முதலாளி என் முன்னால் வந்து நின்றார்.

"அந்த நல்லிரிக்க," என்றார், அந்தச் சொல்லைக் கஷ்டப்பட்டு உச்சரித்து. "அது இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

நேற்றுத்தான் முடிந்தது. மீன் முள்ளை இலையில் ஒதுக்கியது அவர் கைதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம்" என்றேன்.

"அதுவரை கோபப்படக் கூடாது, இல்லையா?"

"கூடாது."

"டெலிபோனில் உரக்கப் பேசுவது?"

"கூடவே கூடாது."

"விமானப் பயணம்?"

"பலனெல்லாம் போய்விடும்."

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே போய், கட்டி வைத்த பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு கதவருகே வந்து நின்றார்.

"சமையல்காரரிடம் கஞ்சி வைக்கச் சொல்" என்றார். "இரண்டு பேருக்கும்."